விளக்கெரிந்தும் பதில் வராத கேபிள்

போன மாதம் பர்ஹான் வீட்டுக்கு வந்தான். வவுனியாவில் நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் நெற்வேர்க் பொறுப்பு இப்போது அவனுக்குத்தான். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை கதைத்தான். பிறகு சிரித்துக்கொண்டு கேட்டான்.

"அங்கிள், எல்லா நெற்வேர்க் சுவிற்ச்சிலயும் ஒண்டையொண்டு கூப்பிட்டுப் பாக்கிற நேரத்தை ஏன் ஒரு செக்கனில வைச்சிருக்கிறீங்கள்? முப்பது செக்கன் காணும்தானே. உங்கட செற்றிங்கைப் பார்த்தா எனக்கே நெஞ்சு படபடக்குது."

"லைற் எரியுதோ எண்டு பார்க்கிறதோட நீ விட்டிடுவாய். எனக்கு அது காணாது," என்றேன்.

"ஏன் காணாது? அதைத்தான் எழுதித் தாங்கோ. புதுசா வாற பிள்ளையளுக்குக் காட்டலாம்."

குசினியில் இருந்து என் மனிசி சொன்னாள்: "எழுதட்டும் தம்பி. எழுதினாலாவது ராவில எழும்பிக் கதவை இழுத்துப் பாக்கிறதை விடுகிறாரோ பாப்பம்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. நான் பயந்தவன். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பவன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் சைக்கிளைத் திருப்புகிறவன். இந்தக் குணத்தோடு எப்படி முழு வாழ்க்கையும் கம்பிகளோடு வேலை செய்தாய் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குணம் இல்லாதவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

உருத்திரபுரத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். புதுக்குடியிருப்பில் மோட்டர் சுற்றும் கடையொன்றில் நின்று பழகினேன். தண்ணீர்ப் பம்ப் திருத்தினேன், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்கிற காலத்தில் ரேடியோவும் திருத்தினேன். சமாதானக் காலம் வந்து ஏ-ஒன்பது வீதி திறந்தபோது, கிளிநொச்சியில் அக்கராயன் வீதிப் பக்கமாக ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கியது. வயரிங் வேலைக்குப் போனேன். அது முடிந்ததும் கொம்பியூட்டர் கேபிள் இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன். அதுவும் முடிந்தபோது "நீர் நில்லும்" என்றார்கள். நின்றுவிட்டேன்.

எனக்கு அந்த வேலையைச் சொல்லித் தந்தவர் நளாயினி மிஸ். நிறுவனத்தின் வவுனியா அலுவலகத்தில் இருந்து மாதத்துக்கு ஒருமுறை வருவா. என்னைவிட வயது குறைவு. கொழும்பில் படித்தவ. என்னைத் "தேவண்ணை" என்றுதான் கூப்பிடுவா. குரலை உயர்த்திக் கதைத்து நான் கண்டதில்லை. பக்கத்தில் நின்றாலும் காதைக் கொடுத்துத்தான் கேட்கவேண்டும்.

அவாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. சுவிற்ச்சில், அதாவது கேபிள்கள் எல்லாம் வந்து சேர்கிற பெட்டியில், எதையாவது மாற்றப்போகிறேன் என்றால், விசைப்பலகையில் கைவைக்கவிடமாட்டா. முதலில் வாயால் சொல்லவேண்டும். என்ன செய்யப்போகிறேன் என்பதை அல்ல. அது பிழைத்தால் எப்படித் திரும்பி வருவேன் என்பதை.

"திரும்பி வாற வழியைச் சொல்லுங்கோ, தேவண்ணை."

சொல்லத் தெரியாவிட்டால் வேலை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவா. தூரத்தில் இருக்கிற சுவிற்ச்சை மாற்றுகிறபோது தூரப்பக்கத்தை முதலில் மாற்று, கிட்டப்பக்கத்தைக் கடைசியில் மாற்று என்பா. கிட்டப்பக்கத்தை முதலில் மாற்றினால் தூரப்பக்கத்துக்குப் போகிற வழியை நாமே அடைத்துவிட்டு நிற்போம். மாற்றியதைச் சோதித்துப் பார்க்கும்வரை சேமிக்கவும் விடமாட்டா. சேமிக்காதவரைக்கும் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும் அல்லவா. இந்த மூன்றும் என் குணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தன. பயத்தை ஒரு வேலைமுறையாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடம். முன் கட்டடம் அலுவலகம். கொழும்போடு கதைக்கிற சற்றலைற் அன்ரனா அங்கேதான் நின்றது. பின் கட்டடம் வார்ட். இரண்டுக்கும் நடுவில் ஜெனரேற்றர் கொட்டில், ஒரு பாலை மரம், வெறும் முற்றம். கூப்பிடு தூரம்தான். ஆனால் ஜெனரேற்றர் ஓடுகிற நேரம் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை.

முன்னுக்கு ஒரு சுவிற்ச், பின்னுக்கு ஒரு சுவிற்ச். இரண்டையும் இணைக்க நிலத்துக்குக் கீழே ஒரு பைப்புக்குள் இரண்டு கண்ணாடியிழைக் கேபிள். ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யவேண்டும் என்பதற்காக இரண்டு. அந்த இரண்டையும் ஒரே கேபிள் மாதிரிக் கட்டிவைத்திருந்தோம். அந்தக் கட்டுக்குள் மூன்று தனித்தனி ஒழுங்கைகள்: அலுவலகக் கொம்பியூட்டர்களுக்கு ஒன்று, நோயாளர் விபரங்களுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. வீலான் என்று சொல்வது இந்த ஒழுங்கைகளைத்தான். ஒரே வீதியில் போனாலும் ஒன்றின் வண்டி மற்றதன் வளவுக்குள் நுழையாது.

கட்டுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று நிலையான கட்டு. "இந்த இரண்டு கேபிளும் ஒன்று" என்று இரண்டு பக்கத்துக்கும் நாங்கள் சொல்லிவிடுவோம். சுவிற்ச் அதை நம்பிவிடும். கேபிளின் விளக்கு எரிகிறவரைக்கும் அது உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். மற்றது டைனமிக். அதில் இரண்டு சுவிற்ச்சும் ஒவ்வொரு கேபிளிலும் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டே இருக்கும். "நான் இன்னார். உன்னிடமிருந்து நான் கேட்டது இது" என்று. மூன்று முறை பதில் வராவிட்டால் அந்தக் கேபிளைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மற்றதால் அனுப்பும்.

எங்களிடம் இருந்தது நிலையான கட்டு. பின் கட்டடத்துப் பெட்டி பழசு, டைனமிக் கட்டு அதற்குத் தெரியாது. புதுப் பெட்டி கேட்டு மிஸ் எழுதியிருந்தா. ஓமந்தைச் சோதனைச் சாவடியால் அப்படியொரு சாமானைக் கொண்டுவர அனுமதி எடுக்கவேண்டும். அது வருகிறதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வேலைக்குப் போனவுடன் நான் நாலு விளக்கையும் பார்ப்பேன். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. எரியும். கொஞ்சம் மூச்சு வரும்.

பிறகு நிலைமை கெடத் தொடங்கியது. ஷெல்லடிக்குப் பதுங்க எல்லா வளவுகளிலும் பங்கர் வெட்டினார்கள். நாங்களும் வெட்டினோம். டொக்டர், சமையல்காரர், சாரதி எல்லாரும் மண்வெட்டியோடு நின்றார்கள். பாலை மரத்தடியில் வெட்டும்போது யாரோ ஒருவரின் அலவாங்கு பைப்பில் பட்ட சத்தம் கேட்டது. நான் குழிக்குள் பாய்ந்து பார்த்தேன். பைப் நெளிந்திருந்தது, உடையவில்லை. ஓடிப்போய் விளக்குகளைப் பார்த்தேன். நாலும் எரிந்தன.

"லைற் எரியுதெல்லே? பிறகென்ன அழுகிறீர்?" என்று சாரதி கேட்டார்.

அடுத்த முறை மிஸ் தொலைபேசி எடுத்தபோது சொன்னேன். "வரேக்க பாப்பம்" என்றா.

அவா வந்த நாள் எனக்கு இன்றைக்கும் நிமிசம் நிமிசமாக ஞாபகம் வருகிறது. அனுமதி கிடைத்து, புதுப் பெட்டியையும் கையோடு கொண்டு வந்திருந்தா. காலையில் அதை முன் அலுவலக மேசையில் வைத்து, முன் கட்டடத்துச் சுவிற்ச்சோடு இரண்டு குட்டைக் கேபிளால் இணைத்து ஒத்திகை பார்த்தோம். இரண்டு பக்கமும் டைனமிக் என்று நானே போட்டேன். கட்டு வரவில்லை. பொறுத்தோம். வரவில்லை. பெட்டி பழுதோ, வழியில் குலுங்கியதோ, இனி எப்போது இன்னொன்று வரும்?

மிஸ் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "ரெண்டு பக்கமும் பாசிவ் எண்டு போட்டிருக்கிறீங்கள். மற்றவர் கதைச்சாத்தான் கதைப்பினம். கலியாணம் பேச வந்த ரெண்டு வீட்டாரும் ஆர் முதல் வாய் திறக்கிறதெண்டு இருக்கினம்."

"அப்ப என்ன செய்யிறது மிஸ்?"

"ஒரு பக்கத்துக்காவது வெக்கத்தை விடச் சொல்லுங்கோ."

முன்பக்கத்தை அக்ரிவ் ஆக்கினேன். உடனே கட்டு வந்தது. மிஸ் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை.

வார்டில் சந்தடி குறைந்த பிறகு பழசை எடுத்துப் புதுசை வைப்போம் என்றா. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின் கட்டடத்துக்குப் போனேன். நடைபாதையில் வைத்து மட்டைப் பெட்டியைத் திறந்தேன். அவ்வளவுதான் செய்தேன். உள்ளேயிருந்து தாதி கமலாக்கா பாய்ந்து வந்தா.

"தேவன்! என்னத்தைப் பிடுங்கினனீர்? கொழும்பு டொக்டருக்கு நாங்கள் கதைக்கிறது கேக்குதில்லை!"

"சத்தியமா நான் ஒண்டும் தொடேல்லை அக்கா. பெட்டியைத்தான் திறந்தனான்."

"அப்ப பெட்டியை மூடும்!"

உள்ளே ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை. முல்லைத்தீவுக் கரையில் இருந்து முதல் நாள் கொண்டுவந்திருந்தார்கள். பெயர் ஜெனிற்றா. நெஞ்சுச்சளி முற்றி, இப்போது நெஞ்சுக்குள் காற்று அடைத்து நுரையீரலை நெரிக்கிறது என்றார்கள். விலா எலும்புகளுக்கு நடுவால் சின்னக் குழாய் ஒன்றைச் செலுத்தி அந்தக் காற்றை வெளியே எடுக்கவேண்டும். எங்கள் டொக்டர் இளம் வயது. பெரிய ஆளொருவருக்கு ஒருமுறை செய்திருக்கிறார். இந்த அளவு குழந்தைக்குச் செய்ததில்லை. கொழும்பில் ஒரு பெரிய டொக்டர் தொலைபேசியில் படிப்படியாகச் சொல்லித் தருவதாக ஏற்பாடு. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசிதான் இருந்தது. கைத்தொலைபேசி அந்த நாளில் கிளிநொச்சியில் எடுபடாது.

தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அந்த மனிதரின் குரல் கணீரென்று வந்தது. "ஹலோ? ஹலோ? இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில். எங்கள் டொக்டர் கையுறை போட்ட கையோடு குனிந்து கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக்கு எதுவும் போகவில்லை. வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். அதே கதை.

"எவ்வளவு நேரம் பொறுக்கலாம் டொக்டர்?" என்று கேட்டேன்.

அவர் பிள்ளையின் உதட்டைப் பார்த்தார்.

முன் கட்டடத்துக்கு ஓடினேன். மிஸ் கதிரையில் இருந்து எழும்பவில்லை.

"அங்க அவற்ற குரல் கேக்குதோ?"

"கேக்குது."

"விட்டு விட்டோ, ஒழுங்காவோ?"

"ஒழுங்கா. நாங்கள் கதைக்கிறதுதான் போகேல்லை."

"பங்கர் வெட்டேக்க பைப்பில பட்டதெண்டனீங்கள்."

"லைற் எரியுது மிஸ்! இப்பவும் பாத்திட்டுத்தான் வாறன், நாலும் எரியுது!"

"எரியும். இழை நசிஞ்சிருக்கும். வெளிச்சம் போகுது, கதை போகேல்லை."

ஒரு கேபிளுக்குள் இரண்டு இழை. ஒன்றில் போகும், மற்றதில் வரும். பைப் நெளிந்த இடத்தில், வார்டில் இருந்து போகிற இழை கொஞ்சம் கொஞ்சமாக நசிந்து இன்றைக்குப் பேச்சு போகாத அளவுக்கு வந்துவிட்டது. எந்தத் தொலைபேசி, எந்தக் கொம்பியூட்டர் எந்தக் கேபிளால் போகவேண்டும் என்பதைச் சுவிற்ச் ஒரு கணக்கு வைத்துப் பிரிக்கும். ஒருமுறை பிரித்தால் எப்போதும் அதே கேபிள்தான். வார்ட் தொலைபேசியின் பேச்சு அந்த நசிந்த கேபிளுக்கு விழுந்திருக்கிறது. விளக்கு எரிவதால் பழைய சுவிற்ச் அதை நம்பி, எங்கள் டொக்டரின் ஒவ்வொரு சொல்லையும் அந்தக் குழிக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது.

"ஒண்டைப் பிடுங்கிப் பாக்கட்டே மிஸ்?"

"எதை?"

இரண்டும் எரிந்தன.

"நல்லதைப் பிடுங்கினா எல்லாம் போச்சு. பழுதானதைப் பிடுங்கினாலும், நீங்கள் அந்தப் பக்கம் பிடுங்கினது இந்தப் பக்கத்துக்குத் தெரியாமலும் போகலாம். இது தன்ர பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இப்ப வாற குரலும் அதாலதான் வருதெண்டா அதுவும் நிண்டிடும்." என் முகத்தைப் பார்த்தா. "திரும்பி வாற வழியைச் சொல்லுங்கோ, தேவண்ணை."

சொல்ல முடியவில்லை.

"அப்ப ஒண்டையும் தொடக்கூடாது."

என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகக் கஷ்டமான கட்டளை அது. எதையாவது செய்தால் பயம் கொஞ்சம் அடங்கும். செய்யாமல் நிற்பதுதான் தாங்காது.

மிஸ் முன் அலுவலகத் தொலைபேசியை எடுத்தா. அது கேபிளைக் கடக்கத் தேவையில்லை, அன்ரனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்பு டொக்டரின் கைத்தொலைபேசிக்கு அழைத்து, "நீங்கள் கதைப்பது வார்டில் கேட்கிறது. வைக்காமல் சொல்லிக்கொண்டே இருங்கள். அவர்கள் சொல்வதை நான் இதில் சொல்கிறேன்" என்றா. அந்த மனிதர் ஒரு காதில் ஆஸ்பத்திரித் தொலைபேசியும் மறு காதில் கைத்தொலைபேசியுமாக இருந்திருப்பார்.

கொழும்பில் இருந்து வார்டுக்கு வருகிற வழி சரி. வார்டில் இருந்து மிஸ்ஸுக்குப் போகிற வழி? வார்டுக்கும் முன் அலுவலகத்துக்கும் நடுவில் நான் ஓடினேன். டொக்டர் சொன்னதைக் கேட்டு, ஓடிவந்து மிஸ்ஸிடம் சொல்லி, திரும்ப ஓடுவதற்குள் கொழும்பில் இருந்து அடுத்த கேள்வி வந்து நின்றது. வார்ட் யன்னலில் நின்று கத்திப் பார்த்தேன். ஜெனரேற்றர் விழுங்கியது. அதை நிறுத்தவும் முடியாது. பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுக்கிற மெசின் அதில்தான் ஓடுகிறது.

பாலை மரத்தடியில் குந்தியிருந்த ஒரு மனிதர் எழும்பி என் கையைப் பிடித்தார். பிள்ளையின் தகப்பன், செபமாலை. கரைவலைக்காரர். தாயை மட்டும்தான் உள்ளே விட்டிருந்தார்கள்.

"நில்லும் தம்பி. என்ன ஓட்டம் இது? பிள்ளைக்கு என்ன?"

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வாய் சொல்லிவிட்டது. "போன் ஒரு பக்கம் வேலை செய்யேல்லை அண்ணை. உள்ளுக்குச் சொல்லுறது முன்னுக்குக் கேக்கோணும். உடனே கேக்கோணும்."

"இவ்வளவுதானே? கடல் இரையேக்க கரையில நிண்டு வள்ளத்துக்காரனோட கதைக்கிறனாங்கள். உந்த மெசினின்ர சத்தம் ஒரு சத்தமே?" முற்றத்தின் நடுவில் போய் நின்றார். "ஆனா ஒண்டு. கேட்டவர் 'ஓய்' எண்டு சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்லோணும். திருப்பிச் சொல்லாட்டி நான் கேட்டதெண்டு எடுக்கமாட்டன். அந்த அம்மாவுக்கும் சொல்லும்."

"சரி அண்ணை."

"மூண்டு தரம் கூப்பிட்டும் ஓய் வரேல்லையெண்டா நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை. அடுத்த வள்ளத்தை இறக்கிப்போடுவம்."

மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்து நான் வார்ட் யன்னலில் நின்றேன். அவர் நடுவில். மிஸ் முன் யன்னலில், தொலைபேசியை வயர் எட்டுகிற மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"மூச்சு அறுபத்தெட்டு!" என்றார் டொக்டர். நான் யன்னலால் சொன்னேன்.

"மூச்சு அறுபத்தெட்டேய்!"

நான் அப்படியொரு குரலை அதற்கு முன் கேட்டதில்லை. கத்தல் இல்லை அது. ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் ஒரு கயிறு எறிந்த மாதிரி நீளமாகப் போனது.

"ஓய்! அறுபத்தெட்டு!"

அது நளாயினி மிஸ். பக்கத்தில் நின்றாலும் குரல் கேட்காத மிஸ்.

கொழும்புக் குரல் ஒலிபெருக்கியில் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த எலும்பு, அதன் மேல் விளிம்பு, எவ்வளவு ஆழம். எங்கள் டொக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் சொன்னேன். செபமாலை அண்ணை சொன்னார். மிஸ் ஓய் என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கொழும்புக்குச் சொன்னா. ஒருமுறை மிஸ் "ஓய்!" என்று மட்டும் சொன்னபோது அவர் விடவில்லை. "திருப்பிச் சொல்லுங்கோ அம்மா! என்ன கேட்டது?" மிஸ் திருப்பிச் சொன்னா.

பிறகு டொக்டர் தலையை நிமிர்த்தாமல் ஒன்று சொன்னார். எனக்கு அதை யன்னலால் சொல்ல வாய் வரவில்லை. முற்றத்தில் நிற்கிறவர் அதைத் தன் வாயால் கத்தவேண்டும்.

"சொல்லும் தம்பி! என்ன நிக்கிறீர்?"

"அண்ணை..."

"சொல்லுமெண்டால்!"

"உதடு நீலம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முன் கட்டடத்தின் பக்கம் திரும்பினார்.

"உதடு நீலமேய்!"

குரலில் ஒரு துளி குறையவில்லை. மிஸ்ஸிடமிருந்து பதில் இல்லை. யன்னலில் நிற்கிறா, வாய் திறக்கவில்லை. அவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். "உதடு நீலமேய்!"

"ஓய்," என்றா மிஸ். "உதடு நீலம்."

அதன்பிறகு ஒலிபெருக்கியில் இரண்டே இரண்டு சொல் வந்தது. "இப்போது செலுத்துங்கள்." தாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கையில் செபமாலை மணிகளை உருட்டிக்கொண்டிருந்தா. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குமிழி வருது," என்றார் டொக்டர். கட்டிலின் கீழே குழாய் போய் முடிகிற போத்தல் தண்ணீரில், பொங்கிப் பொங்கி.

"போத்தலில குமிழி வருது!"

"போத்தலில குமிழி வருதேய்!"

"ஓய்! குமிழி! குமிழி வருது!"

செபமாலை அண்ணை யன்னலுக்கு நடந்து வந்தார். வந்து, முதல்முறையாக மெல்லிய குரலில் கேட்டார்.

"தம்பி, குமிழி எண்டா நல்லதோ, கெட்டதோ?"

அதுகூடத் தெரியாமல்தான் அந்த மனிதர் அவ்வளவு பலமாகச் சொன்னார்.

"நல்லது அண்ணை. அடைச்ச காத்து வெளிய வருது."

அவர் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

பின்னேரம் பிள்ளை பால் குடித்த பிறகுதான் மிஸ் என்னை வேலை தொட விட்டா. முன்பக்கத்துச் சுவிற்ச்சின் கணக்கைப் பார்த்து, எந்தக் கேபிளால் எதுவும் வந்து சேரவில்லை என்று கண்டுபிடித்தோம். சாரதியைப் பின்பக்கம் நிறுத்தி, இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடுங்கினோம். வார்ட் தொலைபேசி இரண்டு பக்கமும் கதைத்தது. அப்படி விட்டிருக்கலாம். ஆனால் மிஸ் போவதற்கு முன் புதுப் பெட்டியை வைத்துவிடவேண்டும் என்று நானே கேட்டேன். வழக்கமாக "நாளைக்குச் செய்வோமே" என்பவன் நான்.

நிலத்துக்கு மேலால் தற்காலிகமாகப் புதுக் கேபிள் ஒன்று இழுத்தோம். பிறகு வாயால் சொல்லிச் சொல்லிச் செய்தேன். மூன்று வீலானையும் கட்டின் பெயரில் கொடுக்கவேண்டும், தனித்தனிக் கேபிளில் அல்ல. தனித்தனியாகக் கொடுத்து ஒன்றில் தொலைபேசி ஒழுங்கை விடுபட்டால், அந்தக் கேபிளைக் கட்டு சேர்த்துக்கொள்ளாது. இரண்டு பக்கமும் வேகம் ஒன்றாக இருக்கவேண்டும். வெட்கப்படுகிற பக்கம் இருக்கக்கூடாது, இரண்டையும் அக்ரிவ் ஆக்கு. திரும்பி வருகிற வழி: சேமிக்கவில்லை, பழைய பெட்டி பக்கத்தில் கிடக்கிறது, நல்ல கேபிளில் அடையாள நாடா கட்டியிருக்கிறது.

கடைசியில் பெட்டி நேரம் கேட்டது. ஒருவரையொருவர் எவ்வளவுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பது? முப்பது செக்கனுக்கு ஒருமுறையா, ஒரு செக்கனுக்கு ஒருமுறையா?

"ஒரு செக்கன்," என்றேன்.

"முப்பது காணும் தேவண்ணை. எல்லாரும் அப்பிடித்தான் வைப்பினம்."

"முப்பதெண்டா மூண்டு தரம் பாக்க ஒண்டரை நிமிசம் மிஸ். ஒண்டரை நிமிசம் அந்த டொக்டர் குழிக்குள்ள கதைச்சுக்கொண்டிருப்பார்."

மிஸ் முற்றத்தைப் பார்த்தா. பிறகு, "போடுங்கோ," என்றா.

வார்ட் தொலைபேசியில் கமலாக்காவை எண்ணச் சொல்லிவிட்டு ஒரு கேபிளைப் பிடுங்கினேன். எண்ணுவது நிற்கவில்லை. அதைப் போட்டு மற்றதைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. "இன்னும் எவ்வளவுக்கு எண்ணுறது தேவன்? எனக்கு வேற வேலை இல்லையே?" என்றா அக்கா. அதன்பிறகுதான் சேமித்தேன்.

சில வாரங்களில் ஏ-ஒன்பது மூடப்பட்டது. மிஸ்ஸை அதன்பிறகு நான் அந்த வளவில் காணவில்லை. அந்தக் கட்டு மட்டும் நாங்கள் அந்த இடத்தை விட்டுக் கிளம்பும்வரை ஒருநாளும் விடவில்லை. கிளம்பிய காலையில் சுவிற்ச்சுகளை நிறுத்தியவன் நான்தான். அதற்கு முன் பழக்கத்தில் விளக்குகளைப் பார்த்தேன். நாலும் எரிந்தன.

அதற்குப் பிறகு எங்கெங்கே இருந்தோம் என்பதை எழுத இந்தக் கட்டுரை இடமில்லை. மூன்று வருடத்துக்குக் கிட்டப் போன பிறகு, எல்லாரையும் போலக் கடைசியில் வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு வந்தோம். அங்கே ஒவ்வொரு நாளும் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சில பெயர்களுக்குப் பதில் வரும். பல பெயர்களுக்கு வராது. வராத பெயர்களைக் கூப்பிடுகிறவர்கள் மறுநாளும் கூப்பிடுவார்கள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஒரு காலை தண்ணீர் வரிசையில் நின்றேன். வெள்ளைக் கூடாரங்களுக்கு மேலால் ஒரு குரல் போனது.

"ஜெனிற்றாவேய்!"

ஒரு கயிறு எறிந்த மாதிரி. என் கையில் இருந்த வாளி சரிந்தது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கி நிற்கிற மேட்டில் செபமாலை அண்ணை ஏறி நிற்கிறார். தாடி, மெலிவு. ஆனால் அந்தக் குரல்தான்.

பதில் இல்லை.

"ஜெனிற்றாவேய்!"

பதில் இல்லை. வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பழக்கம் அங்கே எல்லாருக்கும் வந்துவிட்டிருந்தது. அவர் மூன்றாவது முறை கூப்பிடுவார், அதற்கும் வராவிட்டால் அவர் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த இடத்தில் அவரிடம் இறக்குவதற்கு எந்த வள்ளம் இருக்கிறது?

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனதென்று என்னால் சொல்ல முடியாது. பர்ஹான், அது முப்பது செக்கன் என்றால் நான் இதை எழுத உயிரோடு இருந்திருக்கமாட்டேன்.

"ஜெனிற்றாவேய்!"

"ஓய்!" வரிசையின் முன்பக்கத்தில் இருந்து ஒரு கீச்சுக் குரல், எரிச்சலோடு. "ஜெனிற்றா இஞ்ச! கேக்குது அப்பா, தண்ணி பிடிக்கிறன்!"

அவர் மேட்டிலிருந்து இறங்கினார். நான் வாளியை நிமிர்த்தி வைத்தேன்.